அறுபதாவது தவணைக்குப் பிறகு

மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறவர் ஐந்து வருஷமும் தவறாமல் கட்டிவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனார் சாவு, பஸ் ஸ்டிரைக், கொரோனா என்று எது வந்தாலும் எப்படியோ புரட்டிக் கட்டிவிடுவார். அறுபதாவது தவணை முடிந்து பணம் முதிர்ந்து கைக்கு வந்தால் அடுத்த பண்டிகைக்குள் அது போன இடம் தெரியாது. அஞ்சலகத் தொடர் வைப்பு (ஆர்.டி.) முகவராக அதியமான்கோட்டையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கிக் கட்டி வரும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு நடுத்தரச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் முடியும் என்பேன். எங்கள் ஜனங்களுக்குச் சேர்க்கத் தெரியும். சேர்ந்ததை அப்படியே மறுபடி கட்டிப்போடுவதில்தான் சறுக்குகிறார்கள்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகிளா பிரதான் க்ஷேத்ரிய பச்சத் யோஜனா என்ற பெயரில் 1972இல் மத்திய அரசு கொண்டுவந்த முகவர் முறை இது. பெண்கள் மட்டுமே முகவராக முடியும். நாங்கள் ஐந்து வருஷ ஆர்.டி. பிடிக்கிறோம். கட்டும் பணத்தில் நூற்றுக்கு 4 ரூபாய் எங்களுக்குக் கமிஷன். அதை அரசு தருகிறது, கட்டுகிறவர் கணக்கிலிருந்து ஒரு பைசா குறையாது. பணம் வாங்கியதும் ஒவ்வொருவரிடமும் உள்ள அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறகு பட்டியல் போட்டு அஞ்சலகத்தில் கட்டி பாஸ்புக்கில் பதிய வேண்டும். அட்டையில் இருப்பது என் கையெழுத்து, பாஸ்புக்கில் இருப்பது அஞ்சலகத்தின் கணக்கு. அட்டையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் ஊர்ப் பணத்தைக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களால் வந்த சந்தேகத்தை நேர்மையாக உழைக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் சுமக்கிறோம்.

அதியமான்கோட்டையைச் சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வெளியூர்க் கூட்டம் வந்து குவியும். சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைப் பார்க்க எப்போதாவது சிலர் வருவார்கள். ஓசூருக்குப் பிரியும் சாலை இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஊர்ச் சம்பளக்காரர்களின் கதையை அந்தச் சாலையே சொல்லிவிடும். நிலம் வானத்தை நம்பிக் கிடக்கும் மாவட்டம் எங்கள் தர்மபுரி. ராகியும் மாவும் தக்காளியும் ஒரு வருஷம் கொடுக்கும், ஒரு வருஷம் கெடுக்கும். அதனால் ஒரு தலைமுறையே ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூரு வேலைகளுக்கும் போனது. அவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் ஆகிறது. உள்ளூரில் இருப்பவர்கள் தனியார் பள்ளி ஆசிரியைகள், சத்துணவு அமைப்பாளர்கள், போக்குவரத்துக் கழக நடத்துநர்கள், ஆஸ்பத்திரி லேப் ஊழியர்கள், தர்மபுரி ஜவுளிக் கடைகளில் வேலை செய்பவர்கள். பதினைந்தாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் இடையில் சம்பளம். என் அட்டைகள் பெரும்பாலும் இவர்களுடையவை.

இவர்களிடம் வேலை செய்ய முதலில் சம்பளத் தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு ஊழியருக்கு மாதக் கடைசி நாள். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் 7ஆம் தேதி, இன்னொன்றில் 10. தனியார் பள்ளியில் நிர்வாகம் எப்போது கொடுக்கிறதோ அப்போது. ஆர்.டி. கணக்கை மாதம் 15ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும். 16க்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. ஏழாம் தேதி சம்பளக்காரருக்குப் பின்பாதிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தால் அவர் இருபதாம் தேதிவரை பணத்தை வைத்திருப்பார், அதற்குள் அது கரைந்துவிடும். அவருக்கு முன்பாதிக் கணக்குதான் சரி. சம்பளம் வந்த மறுநாள் காலையில் நான் வாசலில் நிற்பேன். மளிகைக்காரர், பால்காரர், கேபிள்காரர் எல்லோருக்கும் முன்னால் அட்டையில் பதிவு விழுந்துவிட வேண்டும். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை வரை தவறினாலும் கணக்கு தாங்கும், அதற்கு மேல் போனால் நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர் கொடுத்தாக வேண்டும். தீபாவளி போனஸ் வரும் வீடுகளில் ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே கட்டச் சொல்வேன். நூறு ரூபாய்க் கணக்குக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி கிடைக்கும், பன்னிரண்டு மாதம் கட்டினால் நாற்பது. தள்ளுபடியை விட எனக்கு முக்கியம், போனஸ் டி.வி. கடைக்குப் போகாமல் இருப்பது.

ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. சம்பளம் பதினெட்டாயிரம், வருங்கால வைப்பு நிதி கிடையாது. வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். "இனிமே சேத்து என்னாக்கா ஆவப்போவுது? இருவத்தி நாலுல ஆரம்பிச்சிருக்கணும்" என்றார்.

"டீச்சர், இருபத்தி நாலுல உங்களுக்குச் சம்பளம் எவ்ளோ?"

"ஆயிரத்தி இருநூறு."

"அதுல எத்தன மிச்சம் வந்திருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இளமையில் சேர்க்கவில்லையே என்று வருந்துகிறவர்களில் பாதிப் பேரிடம் அப்போது சேர்க்கப் பணமே இருந்ததில்லை. நாற்பதில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செலவுகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கும் வயது அது. மகளிர் குழுக் கடன் முடியும், வண்டித் தவணை முடியும், பெரிய பிள்ளையின் பள்ளிக் கட்டணம் முடியும். கடன் முடிந்த மறுமாதம் அதே தொகை ஆர்.டி.க்கு வந்துவிட வேண்டும். ஒரு மாதம் விட்டால் குடும்பம் அந்தப் பணத்துக்குப் பழகிவிடும், பிறகு பிடுங்க முடியாது. டீச்சருக்கு வண்டித் தவணை அடுத்த மாதம் முடிய இருந்தது. அந்த 2,000 அப்படியே ஆர்.டி. ஆனது.

இரண்டு பாஸ்புக் வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். ஒன்று உடைப்பதற்கு, மற்றது உடைக்காமல் இருப்பதற்கு. எங்கள் பக்கம் தையிலும் ஆவணியிலும் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று பத்திரிகைகள் வந்து விழும். மொய் திரும்பச் செய்தே ஆக வேண்டிய கடன், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. மொய்க்கும் பண்டிகைக்கும் என்று 500 ரூபாயில் ஒரு கணக்கு போட்டுவிட்டால் பெரிய கணக்கு பிழைக்கும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் பெரிய கணக்கை மூட வேண்டாம். பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம், ஆர்.டி. வட்டியை விட இரண்டு சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்குப் பிறகு கணக்கை முன்கூட்டியே மூடினால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் கிடைக்கும். முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் இதுதான் விதி. இதைத் தெரியாமல் ஐம்பத்தெட்டாவது மாதம் மூடியவர்கள் இருக்கிறார்கள்.

இனி நான் முதலில் சொன்ன கண்டத்துக்கு வருகிறேன். ஆர்.டி. முதிர்ந்ததும் பணம் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும். டீச்சருக்கு முதிர்வாக வந்தது 1,39,000 ரூபாய் சொச்சம். 2020இல் வட்டி 5.8 சதவீதமாக இறங்கிய பிறகு தொடங்கிய கணக்கு அது. வீட்டுக்காரர் மனைக்கு அட்வான்ஸ் பேசி வைத்திருந்தார். மகன் பைக் கேட்டான். நாத்தனார் வளையலை மீட்கக் கேட்டார். முழுப் பணத்தையும் திரும்பப் போடு என்று நான் சொன்னால் அந்த வீட்டில் சண்டைதான் வரும், அடுத்த ஐந்து வருஷம் கட்டவும் மாட்டார்கள். அதனால் முதிர்வுக்கு மூன்று மாதம் முன்பே போய் உட்கார்ந்து, கால் பங்கு வீட்டுக்கு, முக்கால் பங்கு திரும்ப உள்ளே என்று பேசி முடித்துவிடுவேன். கால் பங்கில் வளையல் வந்துவிட்டது. மீதி 1,04,000 தேசிய சேமிப்புப் பத்திரத்துக்குப் போனது. 7.7 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் அது 1,50,700 ஆகும். நடுவில் எடுக்க முடியாது. எடுக்க முடியாததுதான் அதன் பெரிய குணம். புதிய ஆர்.டி. அதே நாளில் தொடங்கியாயிற்று.

கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். 2025இல் ஆர்.டி. வட்டி 6.7 சதவீதம். மாதம் 2,000 கட்டினால் ஐந்து வருஷத்தில் 1,42,732 ரூபாய். நாற்பத்தைந்தில் தொடங்கி மூன்று ஆர்.டி. போட்டு, ஒவ்வொரு முதிர்வையும் செலவழித்துவிட்டவர் அறுபதில் கையில் வைத்திருப்பது அந்தக் கடைசி 1,42,732 மட்டுமே. முதிர்வை எல்லாம் சேமிப்புப் பத்திரத்தில் போட்டுக்கொண்டே வந்தவரிடம், இதே வட்டி நீடித்தால், சுமார் 6,49,000 இருக்கும். இருவரும் கட்டியது ஒரே 3,60,000. முதல் இரண்டு முதிர்வு நாள்களில் எடுத்த முடிவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆர்.டி.யை முதிர்ந்த பிறகு மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். நீட்டித்தால் கணக்கு தொடங்கிய நாளின் வட்டியே தொடரும். 2015 ஜனவரியில் 8.4 சதவீதத்தில் தொடங்கியவர் 2020 ஜனவரியில் நீட்டித்திருந்தால், அந்த ஏப்ரலில் புதுக் கணக்குக்கு 5.8 ஆகச் சரிந்தபோதும் அவருக்கு 8.4தான். 2020இல் 5.8க்குத் தொடங்கியவர் அதை நீட்டிப்பது நஷ்டம், மூடிவிட்டுப் புதிது தொடங்க வேண்டும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்க்காமல் நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குகிற முகவர் தன் வேலையைச் செய்யவில்லை என்பேன்.

பதினைந்து வருஷம் பொறுக்க முடிகிறவர்களுக்கு நான் சொல்வது பி.பி.எஃப்., அதாவது பொது வருங்கால வைப்பு நிதி. 1968இல் வந்த திட்டம். தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் பொன்மகன் திட்டம் என்று 2015இல் விளம்பரப்படுத்தியதால் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். யாரும் போடலாம், நாற்பத்தைந்து வயதிலும் போடலாம். 2011 டிசம்பர் 1 முதல் இதற்கு முகவர் கமிஷன் கிடையாது. ஆர்.டி. போட்டால் எனக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய், பி.பி.எஃப். போட்டால் ஒன்றும் இல்லை. இதை ஒவ்வொருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். யார் என்ன சொன்னாலும், அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமை கட்டுகிறவருக்கு உண்டு.

பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் 12 சதவீதம் தந்த திட்டம்தான். அதை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும். 6ஆம் தேதி கட்டியவருக்கு அந்தத் தொகைக்கு அந்த மாதம் வட்டி இல்லை. மாதம் 3,000 கட்டினால் பதினைந்து வருஷத்தில் சுமார் 9,47,000. அதே ஆள் ஒவ்வொரு வருஷமும் மாதத் தொகையில் 500 ரூபாய் கூட்டிக்கொண்டே போனால், கடைசி வருஷம் மாதம் 10,000 கட்டுவார், கையில் சுமார் 18,50,000 வரும். முதல் வருஷமே பத்தாயிரம் கட்டச் சொன்னால் ஓடிவிடுவார்கள். இன்கிரிமென்ட் வந்த மாதம் 500 என்றால் கட்டுகிறார்கள். நாற்பதுக்கு மேல் தொடங்குகிறவருக்கு வட்டி விகிதத்தைத் தேடி அலைவதை விட இந்த 500தான் அதிகம் கொடுக்கும்.

அறுபதில் கிடைக்கும் பணத்தை மாத வருமானமாக மாற்ற மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2025 நிலவரப்படி 8.2 சதவீதம். 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய், அதாவது மாதம் 10,250. பதினைந்து வருஷம் கழித்து வரும் பத்தாயிரம் இன்றைய பத்தாயிரத்தின் பொருளை வாங்காது. ஆகவேதான் வருஷா வருஷம் கூட்டச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. பற்றிக் கேட்பார்கள். அது என் துறை இல்லை. விலைவாசியைத் தாண்டி வளர அதில் கொஞ்சம் வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பத்து வருஷத்துக்குத் தொடாத பணமாக இருந்தால் போடட்டும். ஆனால் நம்பியிருக்கும் அடித்தளம் ஏறி இறங்கும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது என் தீர்மானம்.

ஓசூர் போய்வரும் அண்ணன்மார்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன், அது பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில். கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய பி.எஃப்.-ஐ எடுத்துவிடுகிறார்கள். 2023–24க்கும் 2024–25க்கும் அறிவிக்கப்பட்ட பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். என்னிடம் உள்ள எந்த ஆர்.டி.யும் அதன் பக்கத்தில் நிற்காது. 15,000 அடிப்படைச் சம்பளக்காரருக்குத் தொழிலாளி பங்கு 1,800. நிர்வாகப் பங்கில் 1,250 பென்ஷனுக்கும் 550 பி.எஃப்.க்கும் போகிறது. அந்தப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷச் சேவை வேண்டும். சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். 15,000 சம்பளத்துக்குப் பதினான்கு வருஷம் என்றால் 3,000. நடுவில் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவை போய்விடும். நாற்பத்து மூன்றில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். யு.ஏ.என். எண் ஒன்றே போதும், பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். "எடுக்காத, மாத்துண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அடல் பென்ஷன் திட்டத்தில் நாற்பது வயது வரைதான் சேர முடியும். நாற்பதைத் தாண்டியவருக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது, அதனால் இருக்கிற பி.எஃப்.-ஐக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் சாலையில் இன்னும் பலர் இதே சம்பளப் பணத்தைக் குறிவைத்து வருகிறார்கள். தவணை முறையில் மனை, நகைச் சீட்டு, மாதம் மூன்று நான்கு வட்டி தருவதாகச் சொல்லும் கம்பெனிகள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பல வருஷம் தவணை கட்டியவர்கள் பத்திரம் ஆகாமல் தவித்தார்கள். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடியதும் 1997இல் முதலீட்டாளர்களைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ஏமாறுகிறவர்கள் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள்தான். நேரம் போய்விட்டதே என்ற பதற்றம் அவர்களை அங்கே தள்ளுகிறது. என்னிடம் முதிர்ந்த பணம் அப்படிப் போன வீடுகளுக்கு இன்றும் போகிறேன். அந்தப் பெண்கள் மறுபடி 500 ரூபாயில் தொடங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக வாரிசு நியமனம். ஓசூர்ச் சாலையில் விபத்தில் இறந்த ஒருவரின் மனைவிக்கு, நியமனம் இருந்ததால் இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுத்து ஆர்.டி. பணம் கிடைத்தது. அதே மனிதரின் இன்னொரு கணக்கில் நியமனம் இல்லை. வாரிசுச் சான்று, பிரமாணப் பத்திரம், ஜாமீன் என்று தாலுகா ஆபீஸுக்கும் அஞ்சலகத்துக்கும் கைக்குழந்தையோடு அந்தப் பெண் நடந்தார். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் அம்மா பெயரே இருக்கும், அம்மா காலமாகியிருப்பார், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் இன்று மாலை பாஸ்புக்குகளை எல்லாம் எடுத்து வைத்து மூன்றைப் பாருங்கள்: தொடங்கிய நாளின் வட்டி, முதிர்வுத் தேதி, வாரிசு பெயர். முதிர்வு மூன்று மாதத்துக்குள் இருந்தால், பணம் வருவதற்கு முன்பே, அது எங்கே போக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.